வினையும் தேமலும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, தமிழர் வாழும் மற்ற ஊர்களிலும் சரி, தொழுநோய் கண்டவரைப் பார்த்து 'செய்த பாவம்' என்று சொல்லும் வழக்கம் பழையது. பாவம் உடம்பில் தெரியும், பார்ப்பவர் அதைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஆனால் இந்த நோயின் குறிகள் அப்படிப் படிக்க இடம் தருவதில்லை. உணர்ச்சி குன்றிய வெளிறிய தேமல் பலரும் அறிந்தது. சிலருக்கோ தேமலே இராது. முகத்தோல் தடித்து மினுங்கும், காதுமடல் பருக்கும், புருவமுடி உதிரும். இன்னும் சிலருக்குத் தோலில் ஒன்றுமே இராது, நரம்பு மட்டும் தடிக்கும். 1873இல் நோர்வே மருத்துவர் ஹன்சன் கண்டறிந்த அதே கிருமிதான் இத்தனைக்கும் காரணம். குறி எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவு செய்கிறது.

அந்த எதிர்ப்புச் சக்தி ஆளுக்கு ஆள் மாறுவதும் வினையால்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மருத்துவத்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் நோய் வந்தாலும் வராவிட்டாலும் பொருந்துகிற விளக்கத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. சைவ மரபும் அந்த உரிமையை நமக்குத் தரவில்லை. சூலை நோயில் துடித்த அப்பர், தாம் செய்த கொடுமை இன்னதென்று தமக்கே தெரியவில்லை என்றுதான் திருவதிகையில் முறையிட்டார். நோயாளியே அறியாத கணக்கை அடுத்த வீட்டார் எப்படி அறிவார்? தமக்கை திலகவதியாரோ கணக்குக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

வினை என்று எண்ணுவது துன்பத்தைத் தாங்கும் பொறுமையைத் தருமே என்பது இன்னொரு வாதம். தன் நோயைத் தன் வினையென்று ஒருவர் ஏற்றுக்கொண்டால் அது அவருடைய பக்குவம். அதையே பிறர் சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான் நோயை மறைக்கிறார்கள். மறைத்த காலத்தில் நரம்பு கெடுகிறது; கவ்வாத்துக் கத்தி வெட்டியதும் அடுப்பு சுட்டதும் தெரியாமல் புண்ணாகி, விரல் மடங்கிக் குறுகுகிறது. பிறகு அந்தக் கையையே பாவத்தின் சான்றாகக் காட்டுகிறார்கள். பழிச்சொல் தன் சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கு மருத்துவமனை கட்டிய காலத்தில் நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்து இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ உண்டால் நோய் குணமாகும். வினையை நம்புகிறவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: மருந்திருந்தும் ஒருவரை மறைந்து வாழச் செய்வதும் ஒரு வினைதான், அதைச் செய்தவர் யார் என்பதும் தெரிந்ததே.