நுண்ணுயிரின் ஜாதி

கிழக்கே கடலும் மேற்கே நெல்வட்டைகளுமாக அமைந்த பாண்டிருப்பில், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையேறியபின், உப்பின் கொடுமையை அறியாதார் இலர். அதே ஆண்டில், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், பிச்சாவரத்துக் கண்டற்காட்டுக் காட்டுநெல்லின் வேரிலும் வேர்மண்ணிலுமிருந்து, உப்பைத் தாங்கி, காற்றின் நைதரசனைப் பயிருணவாக்கி, கரையாப் பொசுபேற்றையும் கரைக்கவல்ல பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, 'சுவாமிநாதேனியா சாலிட்டோலரன்ஸ்' என நாமகரணம் செய்து, புதியதொரு பேரினத்தையே ஸ்தாபித்தனர். அக்கண்டற்காடு உழுத வயலன்று; எனினும் அங்கு வளரும் காட்டுநெல் நெல்லின் சுற்றம்.

சிட்டிகை மண்ணை நீரிற் கரைத்து, பத்திலொன்று பத்திலொன்றாகப் பலமுறை ஐதாக்கி, ஏகார் தட்டிற் பூசிவைத்தால், ஒற்றை உயிரின் சந்ததி குண்டூசித் தலையளவு புள்ளியாய்த் திரண்டு கண்ணுக்குப் புலனாகும். அப்புள்ளி பழைய இனமா, புதிதா எனத் தீர்ப்பதற்கு, 1987இல் நிபுணர் குழுவொன்று டி.என்.ஏ. இணைவில் 70 வீத ஒப்புமையை எல்லையாக வகுத்தது. இன்றோ முழு மரபணுத்தொகுதிகளை ஒப்புநோக்கி, 95 வீதத்தையொட்டி அவ்வெல்லையைக் கொள்கின்றனர். இவ்வெல்லை பிரகிருதி இட்டதா, பண்டிதர் சபை இட்டதா?

ஜாதி என்பது வியக்திகளுள் உறையும் நித்திய பதார்த்தம் என்பர் வைசேஷிக தரிசனத்தார். இனம் கடந்த அயலுயிர்க்கும் மரபணுவைக் கைமாற்றும் பற்றீரியாவிடம் அவர் சித்தாந்தம் சற்றுத் தடுமாறவே செய்யும். காரியம் செய்யவல்லதே மெய், பொதுமையோ மனத்தின் கற்பனை என்பார் பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்தி. நைதரசனைப் பிடிப்பது தனியுயிரேயாதலால், அவ்வளவில் அவர் பக்கமே நியாயம். ஆயினும், ஓர் ஆய்வுகூடத்திற் கண்ட குணம் வேறிடத்தும் அவ்வினத்திடம் காணப்படும் என்ற நம்பிக்கையிலன்றோ, விதைநெல்லில் நுண்ணுயிர் உரம் கலக்கும் கமக்காரனின் காரியம் நிற்கிறது! வெறுங் கற்பனை இத்துணைப் பாரம் சுமக்குமா? எல்லைக்கோட்டை வரைந்தவர் மனிதராயினும், அக்கோட்டினுள் அடங்கிய ஒப்புமையை அவர் உண்டாக்கவில்லை என்பதே என் துணிபு.

இனி, அக்கோட்டினுள் இடப்படும் பெயரின் நிலை யாது? பாண்டிருப்பின் அயலூராகிய மருதமுனையில் ஓதப்படும் குர்ஆனிலே, மலக்குகளும் அறியாத நாமங்களை இறைவன் ஆதம் நபியவர்களுக்குக் கற்பித்த வரலாறு வருகின்றது. அருளப்பட்ட அந்நாமங்களுக்குத் திருத்தம் வேண்டியதில்லை; விஞ்ஞானி இடும் நாமமோ நாளைய ஆய்வினால் மாறக்கூடியது. அதனாற்போலும், புதிய இனத்தின் மூலவுயிரை, குறைந்தது இரு தேசங்களின் பொதுச் சேகரங்களில் உயிருடன் வைத்தாலன்றி, அப்பெயர் செல்லாது என்று பற்றீரியப் பெயரீட்டு விதி கட்டளையிடுகிறது. ஐயமுற்ற எவரும், பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வுயிரையே வரவழைத்து மீண்டும் ஆராயலாம்.