பிறவாதோரின் அமானிதம்

தேர்தல் நெருங்குந்தோறும் கட்சிகள் தத்தம் அறிக்கைகளை வெளியிடுகின்றன. விலைவாசி, வேலைவாய்ப்பு, கல்விக் கடன், வேளாண் விளைபொருள் விலை என்று நீளும் அவ்வறிக்கைகளில் அண்மைக் காலமாகப் பருவநிலை மாற்றம் என்றொரு பகுதியும் இடம்பெற்று வருகிறது. நம்மில் பலர் அதைப் படியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அஃது அறிவியலார் பேச வேண்டிய விவகாரம், மார்க்கத்துக்கு அதில் என்ன இடம் என்பது பொதுவான எண்ணம். ஆதலின் நாம் ஈண்டு ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். கட்சிகளின் பருவநிலைக் கொள்கைகளை ஒரு முஸ்லிம் வாக்காளர் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது?

முதற்கண் வாக்கு என்பது யாது? பாகிஸ்தானில் வாழ்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதனை மூன்று நிலைகளில் வைத்து விளக்கினார்கள். வாக்கு ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, ஒரு வகாலத். சாட்சியம் எனில், அறியாததற்குச் சாட்சி சொல்லலாகாது என்னும் சட்டம் உடனே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. வகாலத் எனில், நமக்காகச் செயலாற்ற ஒருவரை நியமிப்பதாகும். பொதுவாக வகீல் பிழை செய்தால் நட்டம் நியமித்தவருக்கு. பருவநிலை விவகாரத்திலோ நம் வகீல் செய்யும் பிழைக்குப் பெரும் விலை கொடுப்போர் இன்னும் பிறவாதவர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் பொருட்டு எந்தக் கட்சியும் கூட்டம் கூட்டுவதில்லை. எனவே இவ்விடத்தில் நம் நிலை, எத்தீம் பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கும் வலீயின் நிலையை ஒத்தது. அச்சொத்தைக் கையாள்வதில் வலீக்குத் தன் விருப்பம் அளவுகோல் ஆகாது. பிள்ளையின் நலனே அளவுகோல் ஆகும்.

இதில் நட்டம் எவ்வாறு விளைகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிப்படும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானில் தங்கிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது; மழை கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுவதற்கு இஃது ஒரு காரணம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாமறிவோம். ஒரு தனி மழையைக் காட்டி, இது முற்றிலும் புவி வெப்பத்தால் வந்ததே எனக் கூறுதல் முறையன்று. ஆயினும் வெப்பம் மிகுந்த உலகில் இத்தகைய மழைக்கு வாய்ப்பு மிகும் என்பது தெளிந்த முடிவு. கரையிலும் கடலிலும் தோன்றும் கேடு மனிதர் கைகள் தேடிக்கொண்டதே என்னும் கருத்தை ஸூரத்துர் ரூமில் ஓதும் நமக்கு இது புதிய செய்தியும் அன்று.

பிறவாதோருக்கும் பங்குண்டு என்பதற்கு நம் வரலாற்றிலேயே உறுதியான முன்மாதிரி இருக்கிறது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இராக்கின் ஸவாது என்னும் வளமிக்க நிலம் முஸ்லிம்கள் வசமாயிற்று. அதனைப் போர்வீரர்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு சஹாபாப் பெருமக்களில் சிலரே வற்புறுத்தினர். கலீபா இணங்கவில்லை. இன்று பங்கிட்டுவிட்டால் பின்னால் வருவோருக்கு என்ன எஞ்சும் என்று கேட்டார்கள்; பின்வருவோரையும் சேர்த்துப் பேசும் ஸூரத்துல் ஹஷ்ரின் வசனங்களைச் சான்றாக எடுத்துக்காட்டினார்கள். நிலம் உழுவோரிடமே விடப்பட்டது; அதன் வரி தலைமுறைதோறும் பொதுநிதிக்கு வந்தது. எதிரில் நின்று கேட்போரின் குரல் உரத்து ஒலிக்கும்போது, எதிரில் இல்லாதோரின் உரிமையையும் எண்ணிப் பார்த்த ஆட்சி அது.

இனி, நம் நாட்டின் 2024 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். 2070ஆம் ஆண்டுக்குள் நிகர கரிம வெளியீட்டைச் சுழியமாக்குவோம் என்பது 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு. 2024இல் காங்கிரஸ் வெளியிட்ட அறிக்கையும் அதே 2070ஐயே ஏற்றது. எனவே இறுதி ஆண்டை வைத்து இரு பெருங்கட்சிகளை ஒப்பிட்டால் வேறுபாடே புலப்படாது. வேறுபாடு வழியில் இருந்தது. பாரதிய ஜனதா கட்சி, வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைத்து மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் பெறும் திட்டத்தையும், 2047க்குள் எரிசக்தித் தன்னிறைவையும் முன்வைத்தது. காங்கிரஸோ, சுற்றுச்சூழலுக்கும் பருவநிலைக்கும் தனி அதிகாரம் கொண்ட ஓர் ஆணையத்தையும், பசுமை மாற்றத்துக்கென ஒரு நிதியத்தையும் அமைப்பதாகக் கூறியது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பொருளைத் தருவதாகச் சொன்னது. மற்றொன்று கண்காணிக்கும் அமைப்பைத் தருவதாகச் சொன்னது. நிலக்கரி எரிப்பது எந்த ஆண்டில் நிற்கும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை. அதே தேர்தலின் இறுதிக் கட்டமான ஜூன் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியாளர் 33 பேர் கடும் வெப்பத்தால் உயிரிழந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார்.

இத்தகைய அறிக்கைகளை ஒப்பிட மூன்று எடைக்கற்கள் வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது தவணை. கடனுக்குத் தவணை குறிப்பிட வேண்டும் என்று வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. 2024இல் இருபது வயதில் வாக்களித்த இளைஞர் 2070இல் அறுபத்தாறு வயது முதியவராக இருப்பார்; வாக்குறுதி தந்தோரில் பெரும்பாலோரை அன்று கேள்வி கேட்க இயலாது. ஆகவே தொலைவிலுள்ள ஆண்டைக் கேட்டு மகிழாமல், இந்த ஐந்தாண்டில் எதை முடிப்பீர்கள் என்று கேட்பதே தவணை கேட்பதாகும்.

இரண்டாவது அளவை. மின்னுற்பத்தி நிலையங்களின் நிறுவுதிறனில் பாதியை 2030க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராததாக்குவோம் என்று இந்தியா உறுதியளித்தது. 2025லேயே அதனை எட்டியும்விட்டது. இது பாராட்டத்தக்க சாதனை. ஆனால் 2024இல் உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. சூரியத் தகடு இரவில் உறங்குகிறது. அனல்மின் நிலையம் இரவும் பகலும் எரிகிறது. நிறுவுதிறன் என்பது மரக்காலின் கொள்ளளவு. உற்பத்தி என்பது அதில் அளந்து கொட்டிய நெல். இரண்டும் உண்மையே. ஆயினும் எது அளக்கப்படுகிறது என்று கேட்டறிவது வாங்குவோரின் கடமை. அளவையில் குறை செய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு ஸூராவே இருக்கிறது.

மூன்றாவது, தராசைப் பிடிப்பவர் யார் என்பது. விற்பவரே நிறுத்து, விற்பவரே சரி என்றால் வழக்கு எப்படித் தீரும்? இதற்குப் பிரிட்டனின் அனுபவம் பாடமாகிறது. அங்கு 2008இல் பருவநிலைச் சட்டம் ஒன்று பெருங்கட்சிகளின் ஒப்புதலோடு நிறைவேறியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கரிம வெளியீட்டுக்கு உச்சவரம்பு. அரசு அதைக் காக்கிறதா என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர, அரசைச் சாராத ஒரு குழு. பின்னும் கட்சிகள் பின்வாங்கவே செய்தன. புதிய பெட்ரோல் கார் விற்பனைக்கு 2030 முதல் விதிக்கவிருந்த தடையைக் கன்சர்வேட்டிவ் அரசு 2023இல் 2035க்குத் தள்ளிவைத்தது. ஆண்டுக்கு 2,800 கோடி பவுன் பசுமை முதலீடு என்று 2021இல் முழங்கிய தொழிற்கட்சி, 2024 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில மாதம் முன்னர், அத்தொகையைக் கைவிட்டது. 2025 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் தலைமை, தாம் ஆட்சிக்கு வந்தால் அச்சட்டத்தையே நீக்குவதாக அறிவித்தது. ஆனால் தராசு ஒன்று இருந்தமையால், எவர் எவ்வளவு பின்வாங்கினார் என்பது மக்களுக்குத் தெரிந்தது. தராசு இல்லாத நாட்டில் பின்வாங்குவதும் முன்னேறுவதும் ஒன்றுபோலவே தோன்றும்.

நிற்க. ஏழை நாட்டு மக்களிடம் இதைச் சொல்வது நீதியா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி மதிக்கத்தக்கது. ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்கர் பங்குக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு. ஓர் இந்தியர் பங்குக்கு ஏறத்தாழ 2 டன். கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் தண்ணீருக்காக அடியில் துளையிட முனைவதையும், மேல்தட்டினர் தடுக்காவிடில் அனைவரும் மூழ்குவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாகக் கூறினார்கள். புகாரியில் அது பதிவாகியுள்ளது. இன்றைய கப்பலில் துளையிடுவோர் பெரிதும் மேல்தட்டினர். முதலில் நனைவோர் கீழ்த்தட்டினர். எனவே மேல்தட்டின் கையைப் பிடிப்பது முதற்கடமை. ஆயினும் நம் கையிலும் ஓர் உளி இருக்குமாயின், அவர்களுடைய உளி பெரிது என்று காட்டி நம்முடையதை ஓங்க முடியுமா? அன்றியும் நம் நாட்டுக்குள்ளேயே மேல்தட்டும் கீழ்த்தட்டும் உள்ளன. குளிரூட்டிய அறையில் இருப்போரும் வெயிலில் செங்கல் சுமப்போரும் சம அளவில் புகைப்பதில்லை. நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளிக்கு மாற்று வேலையைச் சொல்லாத பசுமைத் திட்டமும் குறையுடையதே. சுமை யார்மீது இறங்குகிறது என்பதைச் சொல்லாத எந்த அறிக்கையையும் நிறைவானது எனக் கொள்ளலாகாது.

இன்னொரு தடை நம் சமுதாயத்துக்குள்ளிருந்தே எழும். உயிர், உடைமை, வக்பு, குடியுரிமை என்று கவலைகள் நெருக்கும்போது வானத்தின் வெப்பத்தைப் பற்றி யோசிக்க நேரமேது என்பார்கள். அக்கவலைகள் மெய்யானவை, அவற்றை ஒதுக்கிவிட்டு வாக்களிக்குமாறு நாம் கூறவில்லை. பருவநிலை ஒன்றையே வைத்து ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கவும் கூறவில்லை. எக்காரணத்தால் எவரைத் தேர்ந்தாலும், வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இதனையும் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள். ஐந்தாண்டில் என்ன செய்வீர்கள், எதைக்கொண்டு அளப்பீர்கள், அளப்பவர் யார்? கேட்கப்படாத கேள்விக்கு அறிக்கையில் அலங்காரச் சொற்களே பதிலாக அமையும். காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கடலை ஒட்டி வாழும் நம் குடும்பங்கள் இதைக் கேட்காவிடின் வேறு யார் கேட்பர்?

அமானத், ஈமான் என்னும் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். ஒருவர் ஒப்படைத்துச் சென்ற பொருளைக் காப்பதில் நாம் கண்டிப்பானவர்கள். ஒப்படைக்கக்கூட இன்னும் வாராதவர்களின் பொருளைக் காப்பதோ அதனினும் கடினம், ஏனெனில் அதைக் கேட்டு வருவோர் மறுமையில்தான் நம் எதிரே நிற்பர். அன்று நாணாதிருக்கும் வண்ணம் இன்று சாட்சி சொல்ல வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.