அரை டிக்கெட்

பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார்: 'பையனுக்கு என்ன வயசும்மா?' அம்மா சட்டென்று சொல்வார்: 'பதினொண்ணுதாங்க ஆகுது!' அரும்பு மீசையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் 'பதினொண்ணு', வெட்கத்தில் முகத்தை வெளியே திருப்பிக்கொள்ளும்.

நம் அரசு பஸ்களில் 12 வயதுவரைதான் அரை டிக்கெட். அதற்கு மேல் முழு ஆள். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாக்காரர்களும் அதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று 29 நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. பிள்ளைக்கு 12 வயதாகிவிட்டால், பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். 2024 ஜூனிலிருந்து அது 90 யூரோ. 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் என்றால் பாதி. விரல் ரேகை கொடுக்க வேண்டியதும் 12 வயதிலிருந்துதான். ஆனால், 18 வயது ஆகும்வரை விண்ணப்பத்தில் பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, ரேகை பிள்ளையுடையது... கையெழுத்து நம்முடையது! நடுவில் இருக்கிற அந்த ஆறு வருடங்களில்தான் நம் வீடுகளில் பாதித் தகராறு.

பழனிக்குப் பக்கத்தில், தொப்பம்பட்டியில் என் கல்லூரி நண்பர் ஒருவர் இருக்கிறார். தேங்காய் வியாபாரம். அவருடைய அப்பாவுக்குப் பயணம் என்றால் பழனி மலை. ரொம்ப தூரம் என்றால் ராமேஸ்வரம். நண்பர் ஏழு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், குடும்பத்தோடு ஐரோப்பா போக முடிவெடுத்தார். பதினாறு வயதில் மகள், பதிமூன்று வயதில் மகன். பத்து நாள், ஐந்து நாடு என்று டூர் ஏஜென்ட் கொடுத்த பட்டியலை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தார். கைதட்டலை எதிர்பார்த்திருப்பார், பாவம்.

மகள் கேட்டாளாம்: 'ஏம்ப்பா, ஒரு ஊர்லகூட முழுசா ரெண்டு நாள் இருக்க மாட்டோமா?' மகன் கேட்டது இன்னும் சின்னக் கேள்வி: 'பார்சிலோனா இல்லையாப்பா?'

மனுஷர் நொந்துபோய் எனக்கு போன் போட்டார். 'எங்கப்பா என்னையத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனாலே ஒரு மாசம் அதையே பேசிட்டுத் திரிவேன். இதுகளுக்கு நன்றின்னு ஒண்ணு இருக்கா பாரு! பணம் என்னுது. எங்க போறதுன்னு நான் தீர்மானிக்கக் கூடாதா?'

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தேங்காய் விலை ஏறி இறங்குகிற ஊரில், மாதம் தவறாமல் சீட்டுக் கட்டிய கை அது. எத்தனை லட்சம் செலவழிக்கலாம், எத்தனை நாள் கடையைப் பூட்டலாம் என்பதைப் பதிமூன்று வயதுப் பையன் தீர்மானிக்க முடியாது. பாதுகாப்பு, உடம்பு, பாஸ்போர்ட்... இதெல்லாமும் பெரியவர்கள் பொறுப்புதான். அந்தக் கையெழுத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை.

ஆனால், 'நன்றி இல்லை' என்றார் பாருங்கள்... அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்த்துத்தான் பழக்கம். கொடுத்த பணத்துக்குத் திரும்ப ஏதாவது வர வேண்டும் என்றால் அதன் பெயர் கடன். எதுவும் வர வேண்டாம் என்றால்தான் அது பரிசு. அப்பா, அம்மா பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசுக்கு நம் வருமான வரிச் சட்டமே வரி போடுவதில்லை. ஆனால், வீட்டில் நாம் போடுகிறோம்! 'உனக்காக எவ்வளவு செலவு பண்ணினேன்... முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கியே' என்று தவணை தவணையாக வசூலிக்கிறோம். பிள்ளை அந்தக் கடனைக் கேட்கவே இல்லை. வட்டியை மட்டும் கட்டுகிறது.

இன்னொரு அப்பாவைப் பார்ப்போம். 1873-ல் தேவேந்திரநாத் தாகூர் தன் கடைசி மகன்களில் ஒருவனை இமயமலைப் பயணத்துக்கு அழைத்துப் போனார். பையனுக்கு 11 வயது. பெயர் ரவீந்திரநாத். அந்தப் பயணத்தைப் பற்றி தாகூர் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அதிலும் ஒரு அரை டிக்கெட் கதை வருகிறது!

பையன் வயதுக்கு மீறிய வளர்த்தி. ஒரு பெரிய ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகருக்குச் சந்தேகம். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து, 'பையனுக்கு 12 வயது தாண்டவில்லையா?' என்று கேட்டார். 'இல்லை' என்றார் அப்பா. அவர் நம்பாமல் முழுக் கட்டணம் கேட்க, தேவேந்திரநாத் பேசாமல் ரூபாய் நோட்டை நீட்டினார். மீதிச் சில்லறை வந்ததும் அதைப் பிளாட்பாரத்திலேயே வீசி எறிந்தார். காசுக்காகப் பொய் சொல்கிற ஆளாகத் தன்னை நினைத்துவிட்டார்களே என்ற கோபம்.

ரயில்வே கணக்கில் அரை டிக்கெட்டான அந்தப் பையனைப் பயணத்தில் அப்பா எப்படி நடத்தினார் தெரியுமா? செலவுக்கான சில்லறைப் பணத்தைக் கையில் கொடுத்துக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். விலை உயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தார். கணக்கு இடித்தது. ஒருமுறை இருக்க வேண்டியதைவிடக் கையிருப்பு அதிகமாகவே வந்துவிட்டது! அப்பா திட்டவில்லை, 'உன்னையே என் காசாளராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்' என்கிற மாதிரி வேடிக்கையாகச் சொன்னார். ஆர்வக் கோளாறில் பையன் சாவி கொடுத்த கொடுப்பில், கடிகாரம் ரிப்பேருக்காகக் கல்கத்தா போனது. டல்ஹவுசி மலையில் கையில் ஒரு தடியோடு தனியாகச் சுற்றி வரவும் விட்டார்.

'அவர் ஜமீன்தாருங்க, கடிகாரம் போனா இன்னொண்ணு வாங்குவார்' என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால், அவர் பையனிடம் கொடுத்தது வெறும் சில்லறைதான். பெரிய பணம் அப்பாவிடமே இருந்தது. தப்பு செய்தாலும் தாங்குகிற அளவுக்குப் பொறுப்பைக் கொடுத்தார்; தப்பு நடந்தபோது பக்கத்தில் இருந்தார். இதற்கு ஜமீன் தேவையில்லை.

நண்பரின் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் ஏதாவது ஒரு நகரத்தில் ஹாஸ்டலில் இருப்பாள். எந்தப் பஸ்ஸில் ஏறுவது, யாரை நம்புவது, மாதக் கடைசிக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று அவளேதான் முடிவு செய்ய வேண்டும். அப்போது அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார். பதினெட்டு வயதுவரை ஒரு ஊரைக்கூடத் தேர்ந்தெடுக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் 'இனி உன் வாழ்க்கை உன் கையில்' என்றால் எப்படி? நாம் கூட இருக்கும்போதே தவறவிட்டுப் பழகட்டுமே.

நண்பரிடம் இவ்வளவுதான் சொன்னேன். 'பட்ஜெட் உன்னோடது. அதுக்குள்ள ரெண்டு நாட்டை வெட்டிட்டு, மிச்சத்தை அதுக கையில குடு. மகளுக்கு ஒரு நாள், மகனுக்கு ஒரு நாள். அந்த நாள்ல ரயிலு, சாப்பாடு, செலவுக் கணக்கு எல்லாம் அதுக பொறுப்பு. மகன் ஃபுட்பால் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனா, நீயும் உக்காந்து பாரு. பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துக்கு 18 வயசுக்குக் கீழ இருந்தா டிக்கெட்டே கிடையாது. அதனால, மோனாலிசா முன்னால நின்னு, காசு குடுத்திருக்கு நல்லாப் பாருன்னு அதட்டுற வேலையும் மிச்சம்!'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: 'எல்லாஞ் சரி... அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயி, பிடிக்கலைன்னு சொல்லிருச்சுன்னா?'

சொல்லட்டுமே! முழு டிக்கெட் எடுத்தவருக்கு அந்த உரிமையும் உண்டுதானே?