பெட்டி திறக்குமுன் தீரவேண்டிய வழக்கு

வாக்களிப்பது குடிமகனின் கடமை என்று தேர்தல் காலங்களில் யாவரும் எடுத்துச் சொல்வர். அளித்த வாக்கை எண்ணுகிறவரின் கடமையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நமது குடும்பங்களுக்கோ இது தொலைவிலுள்ள காரியமன்று. சொறிக்கல்முனையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆசிரியராகவோ லிகிதராகவோ அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர் தேர்தல் கடமைக்கு அழைக்கப்படுவது வழக்கம். கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கோ, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்கோ அவர் பயிற்சி வகுப்புக்குப் புறப்படும்போது, “எண்ணுவதற்கும் ஒரு படிப்பா?” என்று வீட்டார் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய நீதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

எண்ணுதலும் தீர்ப்பே

வாக்கெண்ணுதல் வெறும் கூட்டற் கணக்கு அன்று. பெட்டியின் முத்திரை குலையாமல் இருக்கிறதா, உள்ளேயுள்ள சீட்டுகளின் தொகை வாக்களிப்பு நிலையத்திலிருந்து வந்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பின்னர் சீட்டுகள் பிரிக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் சிக்கலில்லை. நடுங்கும் கையால் கோட்டின்மேல் இடப்பட்ட புள்ளடி, இரு சின்னங்களுக்கு எதிரே அடையாளமிட்ட சீட்டு, வாக்காளர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்துள்ள சீட்டு ஆகியவையே வழக்குகளாகின்றன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதைச் சட்டம் வகுத்திருக்கிறது. முடிவு சொல்லும் பொறுப்பு மேலலுவலருடையது. ஆயினும் ஒரு சீட்டை ஐயத்துக்குரியதென எடுத்து வைப்பதும் விடுவதும் மேசையில் இருப்பவரின் கண்ணையும் கையையும் பொறுத்தவை.

2024 செப்டெம்பர் 21இல் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் வரிசையில் நின்று சொல்ல முயன்ற சொல். வாக்காளரின் எண்ணம் தெளிவாயிருக்க, அதைத் தள்ளிவிடுவது களவு. தகாத சீட்டை, “பாவம், யாரோ வயோதிபர்” என்று சேர்த்துவிடுவதும், ஒழுங்காக வாக்களித்த மற்றவரின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதேயாகும். இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் பிறர் பொருளைக் கொண்டு தருமம் செய்ய நமக்கு உரிமையில்லை.

மனச்சாட்சி மட்டும் போதுமா?

“நான் நேர்மையானவன், என் மனச்சாட்சி எனக்கு வழிகாட்டும்” என்று ஒருவர் சொல்லலாம். மனச்சாட்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் எந்த வேளையில் நாம் அதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நள்ளிரவு கடந்துவிட்டது. கண் எரிகிறது. கையிலிருக்கும் சீட்டு நமது ஊரவருக்குச் சாதகமா, அயலூரவருக்குச் சாதகமா என்பது முன்னமே தெரிகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் நமது மாவட்டத்தில், திகாமடுல்லவின் 7 ஆசனங்களில் ஒன்று யாருக்குப் போகும் என்ற கவலை எல்லாச் சமூகத்தாரின் நெஞ்சிலும் உண்டு. அந்த வேளையில் மனச்சாட்சியின் குரலையும் சொந்த விருப்பின் குரலையும் பிரித்தறிவது பரிசுத்தவான்களுக்கே கடினம்.

ஆகவேதான் விதியை முன்னரே கற்கவேண்டும். பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் வரையப்படும் மாதிரிச் சீட்டுக்கு இனமில்லை, ஊரில்லை. அதனால் யாருக்கும் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. அங்கே எடுத்த முடிவே நடுநிலையான முடிவு. யாருக்கு நன்மை என்று தெரியுமுன் தீர்த்துக்கொண்ட வழக்கை, தெரிந்தபின் மாற்றாதிருப்பதே எண்ணுகிறவரின் நீதி.

இதற்கு மாறாக நடந்தால் என்னவாகும் என்பதை 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா உலகுக்குக் காட்டியது. புளோரிடா மாநிலத்தில் துளையிடும் சீட்டுகள் சிலவற்றில் துளை முழுமையாக விழவில்லை. எது வாக்கு, எது வாக்கல்ல என்ற விவாதம் சீட்டுகள் எண்ணப்பட்ட பின்னரே மூண்டது. வித்தியாசமோ 537 வாக்குகள். எந்த அளவுகோல் யாருக்கு வெற்றி தரும் என்பதை அறிந்தபின் அளவுகோலைத் தேடியதால், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றும் பலருடைய ஐயம் தீரவில்லை.

நமது நாட்டில் நேர்ந்ததையும் எண்ணிப் பார்ப்போம். 1981 யூன் 4இல் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது, பயிற்சி பெற்ற அலுவலர்கள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டு, வேறு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். வாக்குப்பெட்டிகள் சில காணாமற் போயின. தேர்தல்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கைக்கு அது ஆழமான காயம்.

மற்றொரு பக்கம், சனாதிபதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ணவேண்டுமென்பது சட்டம். 1982 முதல் நடந்த எட்டுத் தேர்தல்களில் அது தேவைப்படவில்லை. ஒன்பதாவதான 2024இல் முதன்முறையாகத் தேவைப்பட்டது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். ஏனையோருக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் அவ்விருவருக்குமுரிய விருப்புகள் தேடி எண்ணப்பட்டன. மறுநாள் முடிவு வெளியாயிற்று. நாடு அமைதியாக ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படாத விதி ஓரிரவில் தேவைப்பட்டது. ஆயத்தத்தின் பெறுமதி இதுவன்றோ?

ஐயத்துக்கு மருந்து

எண்ணுகிறவரைச் சுற்றி முகவர்கள் நின்று பார்ப்பதும், எண்ணியதை மீண்டும் எண்ணுவதும் நேர்மையாளருக்கு அவமானமாகத் தோன்றலாம். உண்மையில் அவை அவருக்குப் பாதுகாப்பு. தோற்றவனும் நம்பக்கூடிய எண்ணிக்கையே நல்ல எண்ணிக்கை. முடிவுப் படிவத்தில் ஒருவர் இடும் கையொப்பம் சாட்சியம். அதில் பொய் கலந்தால் எட்டாம் கட்டளை மீறப்படுகிறது.

எல்லாச் சீட்டுகளையும் எந்த விதியும் முன்கூட்டியே காணமுடியாதென்பது உண்மைதான். அப்படியொரு சீட்டு கைக்கு வந்தால் தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: “இதே அடையாளம் எதிர்க்கட்சியின் சின்னத்துக்கு நேரே இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?” பதில் மாறுமானால், பேசுவது விருப்பு, நீதியல்ல. தேர்தல் கடமையிலிருப்பவர் தமது விருப்பைத் தபால் வாக்கில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மேசையில் இரண்டாம் முறை சொல்ல அவருக்கு உரிமையில்லை.

குடும்பத்தவர்க்கும் இதில் பங்குண்டு. “நம்முடைய ஆட்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்று சொல்லி அவரை அனுப்பாதிருப்போம். அவர் வீடு திரும்பியதும் இரகசியங்களைத் துருவாதிருப்போம். தனக்குப் பிடிக்காத வாக்கையும் சரியாக எண்ணிவிட்டு வந்த தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை, நீதி என்றால் என்னவென்று வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது.