சாபித் என்றொரு சொல்

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானிலும் பக்கத்துப் பாலக்கோங்கிலும் தொழிற்சாலை வாசலில் வேலைக்குப் பாரம் கேட்டால், பெயர், ஐ.சி. எண், எஸ்.பி.எம். பரீட்சைத் தேர்ச்சி, கடைசிச் சம்பளம் எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிடும். குற்றத்துக்காக ‘சாபித்’ ஆனதுண்டா? யா (ஆம்), தீடாக் (இல்லை). காஜாங் சிறை இங்கிருந்து காரில் எட்டிவிடும் தொலைவுதான். அங்கிருந்து வெளியே வந்தவருக்கு அந்தக் கட்டம் புரியாமல் இருக்காது.

சாபித் என்பது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்ததைக் குறிக்கும் சொல். போலீஸ் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கியது சாபித் ஆகாது. லாக்கப்பில் கழித்த இரவும் ஆகாது. வழக்குப் போட்டு, பிறகு டி.என்.ஏ.ஏ. (விடுதலைத் தீர்ப்பு இல்லாத விடுவிப்பு) என்று விட்டுவிட்டாலும் ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின்படி, குற்றம் நிரூபணமான பிறகும் தீர்ப்பைப் பதியாமலே ஒருவரை விடுவிக்க நீதிபதியால் முடியும். சிறுவர் சட்டம் 2001, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் அந்தச் சொல்லையே பயன்படுத்த விடுவதில்லை. இவர்களெல்லாம் ‘தீடாக்’ என்று போட்டால் அது பொய் அல்ல. கேட்காததைச் சொல்லாமல் விடுவதும் மறைப்பதும் ஒன்றல்ல. ஊர் வாய்க்கு மட்டும் இந்த வித்தியாசம் ஏறுவதில்லை. ‘கேஸ் உள்ள பையன்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடும்.

சிக்கலான இடம் வேறு. பொக்கா எனப்படும் 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே இரண்டு ஆண்டு தடுத்து வைக்கலாம். தீர்ப்பே இல்லாததால் ‘தீடாக்’ உண்மை. ஆனால் நேர்காணலில் ‘அந்த இரண்டு வருஷம் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால்? சொல்ல விருப்பமில்லை என்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. ‘சிங்கப்பூரில் வேலை’ என்றால் அது பொய். முன்பு நடந்தது எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் இது அவரே புதிதாகச் செய்வது.

கேட்பவரின் பங்கும் இதில் உண்டு. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராப் பேரணியை ஒட்டி பத்துமலையில் நடந்த மோதலுக்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது. விரைவிலேயே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. ‘எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா?’ என்று ஒரு பாரம் கேட்டால், அவர்கள் ஒவ்வொருவரும் ‘ஆம், கொலை முயற்சி’ என்று எழுத வேண்டும். உண்மைதான். ஆனால் படிப்பவருக்கு அது என்ன உண்மையைத் தரும்? அரசு தரப்பே கைவிட்ட ஒன்றைத் தோண்டிக் கேட்பதில் நிர்வாகத்தின் எச்சரிக்கையைவிடச் சோம்பல்தான் அதிகம்.

பழைய வழக்கைச் சொல்லாமல் விட்டவர்கள் விஷயத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும் பல காலம் தடுமாறியது. டில்லி போலீசில் ஹெட் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்து, சமரசமாகிப்போன ஓர் அடிதடி வழக்கைச் சொல்லாமல் விட்ட இளைஞருக்கு 2011இல் அது மன்னிப்பு வழங்கியது. நாவலில் ரொட்டி திருடிய ஜான் வால்ஜானைத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் வரையறை வகுத்தார்கள்: விண்ணப்பிப்பவர் உண்மையைத்தான் எழுத வேண்டும், ஆனால் திட்டவட்டமாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்கக் கூடாது, இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, உண்மையிலேயே சாபித் ஆனவர். இருபத்திரண்டு வயதில் போதைப்பொருள் யூரின் டெஸ்டில் மாட்டி ஒரு மாதம் உள்ளே இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வயது நாற்பது. சிங்கப்பூரில் மூன்று மாதம் வரையிலான சிறைத் தண்டனையின் பதிவு, ஐந்தாண்டு குற்றமின்றி இருந்தால் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். பதிவு இல்லை என்றே சொல்லலாம். பிரிட்டனில் 1974 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. ஆகவே பதினெட்டு வருஷம் கழித்தும் அவர் ‘யா’ என்றுதான் போட வேண்டும். போட்டால் பாரம் குப்பைக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும், அதை வாங்கி வைக்கும் கிராணிக்கும் தெரியும்.

அப்போதும் ‘யா’ என்பதே சரி. ஆனால் ‘தீடாக்’ என்று போட்டவரைக் கல்லெறிய வருபவர், அந்த வேலை என்ன என்று முதலில் பார்க்கட்டும். லாரி ஓட்டுபவரிடம் குடிபோதை வழக்கைக் கேட்கலாம், கல்லாவில் உட்காருபவரிடம் பண மோசடியைக் கேட்கலாம், பாலர் பள்ளியில் இன்னும் கடுமையாகவே கேட்கலாம். பெட்டி அடுக்கும் வேலைக்குப் பழைய யூரின் டெஸ்ட் எதற்கு? அங்கே சொன்ன பொய் தவறுதான், சிறியது. பத்து வருஷம் ஒழுங்காக உழைத்தவரை அது தெரிந்த அன்றே வெளியே தள்ளுவது அதைவிடப் பெரியது. நேர்காணலில் ஆளைப் பார்த்துப் பேசிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிச் சங்கடம் தீரும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

‘யா’வுக்குப் பக்கத்தில் விவரம் எழுத ஒரு கோடு விட்டிருப்பார்கள், விரல் நீளத்துக்கு. ஆண்டும் செக்‌ஷன் எண்ணும் எழுதவே அது போதும். மீதிப் பதினெட்டு வருஷத்தை ஓரத்தில் பொடி எழுத்தில்தான் எழுத வேண்டும்.