மறதித் திரையும் மதிஞானமும்



மக்கள் ஒரகடத்திற்கும் சென்னைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பணிநிமித்தம் சென்றுவிட, உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதியோர் மட்டுமே வாழும் இல்லங்கள் பெருகிவிட்டன. அவ்வில்லங்களில் நாம் மரணத்தினும் மிகுதியாக அஞ்சுவது மறதியை. பெற்ற மக்களையும் மறக்கச் செய்யும் ஆல்சைமர் நோயை 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் முதன்முதலில் விளக்கினார். அதனை முற்றும் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

அதனால், 'எல்லாம் வினைப்பயன்' என்று வாளாவிருக்கலாமா? ஞானாவரணீய கர்மம் அறிவை மறைக்கும் என்பது உண்மையே. எனினும், வினை பயன் தருதற்குப் புற நிமித்தங்களும் துணையாகின்றன என்பது ஜினதர்மம். அவற்றுள் நம் கைக்கு எட்டுவனவற்றைத் திருத்துதல் நம் கடமை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, 14 காரணங்களை நீக்கினால் உலகில் மறதி நோய்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிக்குறைவு, பார்வைக்குறைவு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அவற்றுட் சில.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் நினைவை மதிஞானத்தின்பாற் படுத்துகிறார். சுவாத்தியாயத்தையும் ஐந்தாக வகுக்கிறார்: வாசித்தல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், பிழையற ஓதுதல், பிறர்க்கு அறமுரைத்தல். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடமுறையும் ஏறக்குறைய இதுவே. இவற்றுள் வினவுதலும் அறமுரைத்தலும் தனித்திருந்து செய்ய இயலாதவை என்பதை நோக்குக. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் கல்லில் வெட்டிய குடவோலை விதிகள் இன்றும் நிற்கின்றன. மனத்தில் எழுதியதோ நாளும் ஓதினாலன்றி நில்லாது. ஆதலின் தொலைக்காட்சியை நிறுத்தி, அண்டை இல்லத்தாருடன் நாளும் ஒரு பக்கமேனும் படிப்போம். சிறுவர்க்கு ஓர் அறக்கதை சொல்வோம். ஜிநாலயத்திற்கு நடந்தே செல்வோம். செவி மந்தமாயின் கேட்புக் கருவி அணிய நாணவேண்டா. கேளாமை முதியோரைக் கூட்டத்தினின்று விலக்கிவிடுகிறது.

புலால் உண்ணாத நாம் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. வைட்டமின் பி12 காய்கறி, தானியங்களிற் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. முதுமையில் உடல் அதனை ஏற்பதும் குறைகிறது. அக்குறைவால் வரும் மறதி ஆல்சைமர் போலவே தோன்றும். ஆனால் காலத்தே கண்டறிந்தால் பெரும்பாலும் சீராகும். தைராய்டுக் குறைவும் அத்தகையதே. எனவே மறதி தொடங்கியதும் 'வயதாகிவிட்டது' என்று விடாது, இரத்தச் சோதனை செய்வித்தல் வேண்டும். மருந்து வாங்குகையில் ஜெலட்டின் கூடில்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம், ஊசியும் உண்டு. நீரிழிவுக்கு மருந்துண்போர் அட்டமி, சதுர்த்தசி நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கேட்பாராக.

இத்தனையும் செய்தும் நோய் வந்துவிடக்கூடும். அப்போது வீட்டார் நினைவிற் கொள்ள வேண்டுவது இது: அறிவு ஆன்மாவின் இயல்பு, மேகம் கதிரவனை மறைக்குமேயன்றி அழிக்காது. பெயர் மறந்த தாயினுள்ளும் அவ்வான்மா குறைவின்றி உறைகிறது. ஒரே வினாவைப் பத்துமுறை கேட்பவரிடம் சினந்து பேசுதலும் இம்சையே. பதினோராம் முறையும் இன்சொல்லால் விடையிறுத்தல், அருகன் நெறி நின்றார் ஆற்றவேண்டிய அகிம்சை விரதமாகும்.

வாழ்க ஜினதர்மம்!