பொருநல் புகும் கடல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திவ்யதேச யாத்திரைக்குப் புறப்படும் கோஷ்டிகளில் அடிக்கடி எழும் ஒரு வினா உண்டு. "எம்பெருமான்களை ஸேவித்தாயிற்று. அருகில்தான் கடற்கரை. அங்கும் சற்றுச் சென்று வரலாமா?" என்று இளையவர்கள் கேட்பர். "யாத்திரைக்கு வந்த இடத்தில் கேளிக்கை எதற்கு?" என்று பெரியவர்கள் தயங்குவர். இளையவர்களின் ஆசையில் பிழை இல்லை. பெரியவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடற்கரை என்பது யாத்திரைக்குப் புறம்பான இடந்தானா? அருளிச்செயலை முன்னிட்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியோங்கள் வசிப்பது விக்கிரமசிங்கபுரம். பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டவுடன் காணும் ஊர். நம்மாழ்வார் தம் பாசுரங்களில் இந்நதியைப் பொருநல் என்று அழைக்கிறார். கலியுகத்தில் நாராயண பக்தர்கள் மிகுதியாகத் தோன்றும் திராவிட தேசத்து நதிகளைச் சொல்லும் ஸ்ரீமத் பாகவதம், தாம்ரபர்ணியையே முதலில் எடுத்து, அந்நதிகளின் நீரைப் பருகுவோர் வாஸுதேவனிடம் பக்தி உடையவராவர் என்கிறது. அந்த நீரைப் பிறந்தது முதல் பருகி வருபவர்கள் நாங்கள். எனினும் அது கடலில் சேரும் இடத்தை எங்களில் பலர் கண்டதில்லை. ஆகவே ஒருநாள் வாடகை வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, பதினாறு பேர், நதி செல்லும் திசையிலேயே புறப்பட்டோம். மலையிலிருந்து கடல்வரை நதியின் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. ஒரு நாளுக்குள் ஸேவித்துத் திரும்பக்கூடிய தொலைவே.

முதலில் ஸேவித்தது அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயில். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சேர மன்னன் ராஜசிம்மனால் எடுப்பிக்கப்பட்டு, ராஜேந்திர விண்ணகரம் என்று பெயர் பெற்ற கோயில் இது. வேதநாராயணன் மூலவராகவும் ராஜகோபாலன் உத்ஸவராகவும் எழுந்தருளியிருக்கிறார்கள். நின்றும் இருந்தும் கிடந்தும் எம்பெருமான் மூன்று நிலைகளில் ஸேவை ஸாதிக்கும் அஷ்டாங்க விமானம் இங்கு உண்டு. குலசேகராழ்வார் தம் இறுதிக் காலத்தைக் கழித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளிய இடம் இதுவே என்பது தலத்துப் பெரியோர்கள் காட்டும் வரலாறு.

அந்த ஆழ்வார் திருவித்துவக்கோட்டுப் பதிகத்தில் அருளிச்செய்த இரண்டு உவமைகள் அன்று நாள்முழுதும் எங்களோடு வந்தன. ஒன்று, நடுக்கடலில் மரக்கலத்தின் பாய்மரத்தை விட்டுப் பறந்து, எத்திசையிலும் கரை காணாமல், மீண்டும் அப்பாய்மரத்துக்கே திரும்பும் பறவை. மற்றொன்று, எங்கெல்லாம் பரந்து ஓடினாலும் கடலில் புகுந்தாலன்றி வெளியே நிற்கமாட்டாத ஆறுகள். வேறு புகல் இல்லாமையை முதல் உவமை காட்டுகிறது. வேறு புகலில் நிற்க இயலாமையை இரண்டாவது காட்டுகிறது. முன்னது நம் நிலை. பின்னது நம் இயல்பு. ஜீவாத்மாவுக்கு எம்பெருமானிடம் சென்று சேர்வது புதிதாகக் கற்றுக்கொள்ளும் தொழில் அன்று. அதுவே அதன் ஸ்வரூபம் என்பதை இந்த ஆற்று உவமை விளங்க வைக்கிறது.

பொருநலின் கரையில் வாழ்வோர்க்கு இதில் மேலும் ஓர் அநுபவம் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக இந்நதியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணையும் நீரைத் தடுத்து நிறுத்துகிறது; கால்வாய்களில் திருப்பி வயல்களுக்கு அனுப்புகிறது. நதி எங்கும் மறுப்பதில்லை. கேட்டவர்க்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மேலே நடக்கிறது. இல்லறத்தில் இருக்கும் நமக்கு இது நல்ல பாடம். பிள்ளைகள், பெற்றோர், உத்யோகம் என்று நம்மைத் தடுத்து வாங்கிக்கொள்ளும் இடங்கள் பல. அவற்றுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது குற்றமன்று. கொடுத்தபின் எத்திசை நோக்கி நடக்கிறோம் என்பதே கேள்வி.

திருநெல்வேலியைக் கடந்து ஸ்ரீவைகுண்டம் சேர்ந்தோம். கள்ளப்பிரான் நின்ற திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கும் தலம். ஆழ்வார் ஒரு பாசுரத்தில் திருப்புளிங்குடியின் சயனத்தையும், வரகுணமங்கையின் வீற்றிருந்த திருக்கோலத்தையும், இத்தலத்தின் நின்ற திருக்கோலத்தையும் சேர்த்து அநுபவிக்கிறார். படுத்திருப்பவன் எழுந்து அமர்வதும், அமர்ந்தவன் எழுந்து நிற்பதும் எதற்காக? புறப்படுவதற்காக அன்றோ! அடியவனுடைய நெஞ்சுக்குள் வந்து சேரவேண்டும் என்று அவனுக்கு இருக்கும் த்வரையே இந்த மூன்று நிலைகள். நாம் வேனில் ஏறி அவனைத் தேடி வந்ததாக எண்ணுகிறோம். அவனோ நமக்கு முன்பே புறப்பட்டு நிற்கிறான்.

அடுத்து ஆழ்வார்திருநகரி. ஆதிநாதனையும், திருப்புளியாழ்வாரையும், அதன் அடியில் எழுந்தருளியிருக்கும் ஆழ்வாரையும் ஸேவித்தோம். ஆழ்வார் இப்புளியின் அடியை விட்டு எங்கும் எழுந்தருளவில்லை. அந்தந்தத் திவ்யதேசத்து எம்பெருமான்களே இங்கு வந்து ஸேவை ஸாதித்துப் பாசுரம் பெற்றுச் சென்றார்கள் என்பது ஸம்ப்ரதாயம். இதை நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழி முழுதும் கடற்கரையில் நிகழ்கிறது. நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், திங்கள், இருள், கழி, விளக்கு என்று நெய்தல் நிலத்தின் மாலைப்பொழுது வரிசையாக அதில் வருகிறது. புளியடியை விட்டு அகலாதவர் கண்ட கடற்கரை அது. நேரில் சென்று கடலைப் பார்ப்பவர்கள் அவர் கண்டதில் எத்தனை பங்கு காண்கிறோம்?

உச்சிக்காலத்துக்கு முன்பே தென்திருப்பேரை சேர்ந்து மகரநெடுங்குழைக்காதனை ஸேவித்தோம். இத்தலத்துத் திருவாய்மொழியில் ஆழ்வார் பராங்குசநாயகியாகி, ஊரார் அலர் தூற்றியதுமுதல் வளர்ந்த தம் காதல் மண்ணையும் ஏழு கடலையும் விண்ணையும் விஞ்சிவிட்டதாகத் தோழியிடம் சொல்கிறார். ஏழு கடலும் சிறிது என்றவருடைய ஊரிலிருந்து ஒரு கடலைக் காணப் புறப்படுகிறோமே என்று கோஷ்டியில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். கொண்டுவந்த புளியோதரையும் ததியோந்நமும் ததீயாராதனமாயிற்று. வெயில் தணிந்தபின், வெற்றிலைக் கொடிக்கால்கள் நிறைந்த ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலை அடைந்தோம். பொருநல் கடலில் சேரும் இடம் அது. மீனவர்கள் வாழும் ஊர்.

இங்கே இளையவர்கள் நீராட விரும்பினார்கள். பர்வ காலங்களில் தவிர மற்ற நாள்களில் ஸமுத்திரத்தைத் தீண்டலாகாது, கண்ணால் கண்டு வணங்குவதே முறை, ஸேதுவுக்கு மட்டும் இந்நியமம் இல்லை என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். அன்று பர்வம் அன்று. முகத்துவாரத்தில் நீரோட்டமும் வலிது. ஆகவே எல்லோரும் கரையிலேயே அமர்ந்தோம். நீரில் இறங்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது எப்படிப்பட்டது என்பதை அன்றுதான் இளையவர்கள் அறிந்தார்கள். முதலில் சற்று வருத்தம். பிறகு அவர்களிடமும் ஓர் அமைதி வந்தது.

கோஷ்டியில் ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய பர்த்தா ஆசார்யன் திருவடி அடைந்து ஓராண்டு நிறைவுற்றிருந்தது. காலைமுதல் எல்லா ஸந்நிதிகளிலும் ஸேவித்தார். தீர்த்த ப்ரஸாதம் பெற்றார். யாருடனும் அதிகம் பேசவில்லை. அலைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "இதுவும் ராத்திரி தூங்காது போலிருக்கே."

எங்களுக்குச் சந்தை சொல்லிவைக்கும் ஸ்வாமி இதனைக் கேட்டார். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "அம்மா, இதைத்தான் ஆழ்வார் மூன்றாம் பாசுரத்தில் கடலிடம் கேட்கிறார்" என்று மட்டும் சொல்லி, அத்திருவாய்மொழியைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து அநுஸந்தித்தோம்.

அந்தப் பத்துப் பாசுரங்களின் உயிர்நிலை எது? எம்பெருமானைப் பிரிந்த நாயகி கடற்கரையில் நிற்கிறாள். நாரையின் வெண்மை அவளுக்குப் பசலையாகத் தெரிகிறது. அன்றிலின் குரல் பிரிவின் குரலாகக் கேட்கிறது. இரவும் பகலும் ஓயாத கடல், உறக்கமின்றி நெஞ்சுருகிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. அலையும் காற்றும், நீராய்க் கரையும் மேகமும், ஒளி மழுங்கிய திங்களும், அணையாமல் எரியும் விளக்கும் தன்னைப்போலவே அவனை இழந்து தவிப்பதாக அவள் நினைக்கிறாள். பெருமாள் காட்டுக்கு எழுந்தருளியபோது நாட்டின் மரங்களும் வாடின என்று சுமந்திரன் சக்ரவர்த்தியிடம் சொன்னது ஸ்ரீராமாயணத்தில் உண்டு. அந்த மரங்களைக் கண்ட கண் போன்றது இந்தக் கண்.

துன்பம் வந்தவர்க்கு உலகம் இரண்டு வகையாகத் தோன்றக்கூடும். "எனக்கு மட்டும் ஏன்?" என்று தோன்றினால், சிரிப்பவர் யாவரும் பகைவராகிவிடுவர். "நீயும் இப்படித்தானா?" என்று தோன்றினால், நாரையும் உறவாகிவிடும். ஆழ்வாருடைய துயரம் இரண்டாம் வகை. தாம் தவித்துக்கொண்டிருக்கும் நிலையிலும் கடலின் துயரை விசாரிக்கிறார். அதனை வாழ்த்தவும் செய்கிறார். பிறர் துன்பம் பொறாமை வைஷ்ணவ லக்ஷணம் என்று படிக்கிறோம். தம் துன்பத்தின் உச்சியில் நின்றும் பிறர்க்காக இரங்குவதே அந்த லக்ஷணத்தின் எல்லைநிலம் என்பதை ஆழ்வார் இங்கே காட்டித் தருகிறார்.

பத்தாம் பாசுரத்தில் அவர் எம்பெருமானையே நோக்கி, இனியும் கைநழுவ விட்டுவிடாதே என்று வேண்டுகிறார். "என்னை" என்று சொல்லாமல் "எம்மை" என்றே சொல்கிறார். கரையில் அமர்ந்து அநுஸந்தித்த எங்களுக்கு, அந்தப் பன்மையில் நாரையும் கடலும் விளக்கும் அடங்கியிருப்பதாகவே அநுபவமாயிற்று. அந்த அம்மையாரும் அடங்கியிருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல் வந்த இடத்தில் தாமும் குரல் சேர்த்தார்.

வேண்டியாயிற்று, விடை என்ன? அதைச் சொன்னவர் அருகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர். ஆற்றுநீர் முகத்துவாரத்தில் எதிர்த்திசையில் நகர்வதைக் கண்டு இளையவர் ஒருவர் காரணம் கேட்டார். "இது கடல் உள்ள ஏறுத நேரம்யா" என்றார் அவர். ஓதம் பெருகும்போது கடல் தானே ஆற்றின் வாயில் புகுந்து உள்ளே வருகிறது. அப்படி இரண்டும் கலந்து நிற்கும் நீரே கழி. குலசேகராழ்வார் காட்டிய ஆறு கடலைத் தேடிச் சென்றது. கடலோ, ஆறு வந்து சேரட்டும் என்று தன் எல்லைக்குள் காத்திருக்கவில்லை. மலையிலிருந்து அத்தனை தூரம் நடந்து, எட்டு அணைகளில் இழந்து, மெலிந்து வரும் நதியைக் கடைசிச் சில நாழிகை வழியில் கடலே எதிர்கொண்டு அழைத்துச் செல்கிறது.

நம் ஸித்தாந்தத்தின் ஸாரமும் இதுவே. நாம் அவனைப் பற்றுவது நம் முயற்சியால் என்று எண்ணுகிறோம். கிடந்தவன் எழுந்து, இருந்தவன் நின்று, புளியடிவரை வந்து கொண்டது அவனுடைய க்ருபை. நம் நடை மெலியும் இடத்தில் அவனுடைய வரவு தொடங்குகிறது.

ஆகவே, கடற்கரை யாத்திரைக்குப் புறம்பானதா என்ற வினாவுக்கு அடியோங்கள் விண்ணப்பிப்பது இதுதான். அதனைக் கேளிக்கையாக்குவதும் அநுபவமாக்குவதும் நாம் எந்தக் கண்ணோடு செல்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஸந்நிதிகளில் கேட்ட பாசுரங்கள் நெஞ்சில் இறங்கியிருந்தால், கடல் அவற்றைத் திரும்பச் சொல்லும். திவ்யதேசங்களுக்கு அருகில் கடல் இருக்குமாயின் பெரியவர்கள் தயங்காமல் இளையவர்களை அழைத்துச் செல்லட்டும். சென்ற இடத்தில் இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியைச் சேர்ந்து அநுஸந்திக்கட்டும். கோஷ்டியில் துயரத்தோடு வந்த ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் அருகில் அமர்ந்து "எம்மை" என்று சொல்வதற்கும் யாத்திரையில் ஓர் இடம் வேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.